என் முதுகில் மட்டும் படுத்துக்கொண்ட மெஷின்

ஒரே வீட்டில் இருந்ததால் ஒரு கடிதம்கூட எழுத வாய்க்காத என் அத்தானுக்கு,

உங்கள் தம்பிக்கு இன்று முகத்திலடித்த மாதிரி பதில் சொல்லிவிட்டேன். வேறு யாராவது அங்கே வந்து கோள் மூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

திற்பரப்புக்கு மேலே நீங்கள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் இலையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. தீப்பிடித்தால் தாண்டாமலிருக்க ஓரப் பாதைச் சருகை ஊதித் தள்ள வேண்டுமே, நீங்கள் கண்ணை மூடியபின் அந்த வேலையை இந்த வருடம் நான் கேட்டு வாங்கினேன். முதுகில் மாட்டிக் காற்றூதும் உங்கள் ப்ளோவர் வீட்டில்தானே இருக்கிறது? பிறகு ஏன் நான் அடுத்தவர் வாசலில் போய் நிற்க வேண்டும்?

மெஷின் முதல் நாளே மானத்தை வாங்கியது. கொஞ்ச நேரம் நன்றாக ஊதும், பிறகு காற்று செத்துவிடும், சருகு அசையாது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டினேன். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஆயில் கலந்து புதிதாக ஊற்றினேன். ம்ஹூம். கடைசியில் வடசேரிப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சைலன்சர் வலையில் இருந்த கரியைச் சுரண்டிவிட்டு, மேசைமேல் வைத்து ஓட்டினார். கடைத் தூசியெல்லாம் ரோட்டுக்குப் போனது. மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார்.

தோட்டத்துக்கு வந்து மாட்டினால், பழைய குருடி கதவைத் திறடி.

நேற்று உங்கள் தம்பி வந்து மாட்டிப் பார்த்தார். அவர் முதுகில் அது சிங்கம். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"மைனி, இது பொம்பளையளுக்குள்ள மெஷின் இல்ல. எனக்குத் தந்திருங்க, வேலையையும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நாளை மத்தியானத்துக்குள் பாதை சுத்தமாகாவிட்டால் வேலை அவருக்குத்தான் என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மெஷின் ஆள் பார்த்தா ஊதும், அத்தான்?

இன்று காலையில் மாட்டிக்கொண்டு, சருகைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்டேன். இன்ஜின் இளைத்தால் சத்தம் இறங்க வேண்டும். இதுவோ காற்று குறையக் குறைய இன்னும் கீச்சிட்டது. அப்படியானால் இன்ஜினுக்குச் சீக்கில்லை, ஊதுவதற்குத்தான் உள்ளே காற்று போகவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள்தான் என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

யாருமில்லை. கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். சேலைக்கு மேலே நான் போட்டிருந்த உங்கள் சட்டை, முதுகுப் பக்கம் மெஷின் காற்று இழுக்கிற வலையில் சப்பென்று ஒட்டிக் கிடந்தது. நீங்கள் வெறும் பனியனோடு மாட்டுவீர்கள். தம்பி ஒட்டிப்பிடித்த டீசர்ட்டில் வந்தார். மெக்கானிக்கின் மேசைக்குச் சட்டையே கிடையாது. நான்தான் தொளதொளவென்று உங்களைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சட்டையை இழுத்து இடுப்போடு இறுக்கிக் கட்டினேன். பிறகு ஊதியது பாருங்கள்! மத்தியானத்துக்கு முன்னால் பாதை முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி. சூப்பர்வைசர் பாதையை நடந்து பார்த்துவிட்டு, வேலை எனக்கே என்றார். மெஷினை வாங்கிப்போக வந்த தம்பியிடம் நான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, மெஷினுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. உங்களுக்குத்தான் தெரியுது. வீட்டுக்குப் போங்க."

வீட்டுக்கு வந்தவுடன் அந்தச் சட்டையில் கத்தரிக்கோலை வைத்தேன். என் அளவுக்கு வெட்டும்போது அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் வெட்டினேன், நிறுத்தவில்லை.

பீரோவில் இருக்கிற மற்றச் சட்டைகளையும் ஒவ்வொன்றாக இப்படியே வெட்டித் தைப்பேன். கிழியும்வரை வேலைக்குப் போட்டுக்கொண்டு போவேன். மெஷினையும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், உங்களையும் பீரோவில் பூட்டி வைக்க மாட்டேன். இது சத்தியம். கோபமிருந்தால் நேரில் வந்து கேளுங்கள், அத்தான்.

இன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
லீலா