கூகைமலை வளைவில் கவிழ்ந்த இருவிசைத் தேர்

திரு நிலைபெறுக. மழை பிழையாது, உழவு தளராது, எல்லையில் வேல் உறங்கினும் விழி உறங்காது விளங்கும் செறுவை நாட்டின் கோமான் நெடுமதில் வேந்தர் திருவடி நிழலில் நின்று, அவர்தம் தேர்ச்சாலைக்கும் பெருவழிகளுக்கும் அமைச்சனாகிய எயினன் கொற்றன் விடுக்கும் ஓலை. கூகைமலைக் கோட்டைத் தலைவரும், வடவெல்லை காத்து மூன்று முற்றுகை கண்டவருமாகிய அழிசி ஆதனார் காண்க. உம் மலையும் மலைமக்களும் சுனைநீரும் குறைவின்றி இருக்க.

உம் இளவல் வெளிமானார் மறைந்த செய்தி இந்நகரை வந்தடைந்த நாள்முதல் மூன்று நாள் அரண்மனை முரசு ஒலிக்கவில்லை. உமக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதை, இவ்வோலையைப் படித்து முடித்தபின் நீரே முடிவு செய்க.

தேரோட்டிய பாகன் காரி கூகைமலை இறக்கத்து வளைவில் கவனமின்றி ஓட்டி வெளிமானாரைப் பள்ளத்தில் வீழ்த்தினான் என்றும், வரும் அமாவாசையன்று அதே வளைவிலிருந்து அவனைக் கீழே தள்ளுமாறு தீர்ப்பிட்டீர் என்றும் உம் தூதர் வந்து உரைத்தார். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாளே உள்ளது. ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். காரி பிழை செய்யவில்லை. பிழை செய்தவன் நான்.

இருவிசைத் தேர் எத்தகையது என்பதை நீர் அறிவீர். எனினும் ஏட்டில் நிற்க வேண்டி எழுதுகிறேன். முன்னே இரு குதிரைகள் இழுக்க, பின் அச்சை மின்கலங்கள் சுழற்றும். ஏற்றத்தில் குதிரைக்கு நுரை தள்ளாது. மூன்று நாள் வழி இரண்டு நாளில் முடியும். இந்த நன்மையைப் பற்றி அவையில் ஒரு நாழிகை பேசியவன் நானே. அந்தச் செப்புக் கலங்கள் பன்னிரண்டும் சேர்ந்து ஆறு ஆள் எடை இருக்கும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

நம் தேர்ச்சாலைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுத்தேர் வெறுந்தேராகவே வெள்ளோட்டம் போக வேண்டும். வேந்தர் அடி படுமுன் அதில் எந்தப் பாரமும் ஏறலாகாது. பாகனும் தட்டில் ஏறாமல், நுகத்தைத் தாங்கும் ஏர்க்காலின் மேல் அமர்ந்தே ஓட்டுவான். மின்கலமும் பாரமே என்று தச்சர் சொல்ல, ஆம் என்று நான் தலையசைக்க, கலங்களைக் கொட்டிலில் வாழையிலைமேல் அடுக்கி வைத்துவிட்டு வெறுந்தேரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பு என்றால் திரும்பியது; நில் என்றால் நின்றது. மாலை சூட்டினோம், தேங்காய் உடைத்தோம், வெள்ளோட்டம் நன்று என்று ஏட்டில் எழுதி நான் இலச்சினை இட்டேன். வேந்தர் அடிவைத்து இறங்கியதும் கலங்களை ஏற்றினோம். அதன்பின் நகர வீதியில் இரண்டு நாள் ஓடியதோடு சரி. கலம் ஏறிய தேரை ஓர் இறக்கத்திலும் ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாளும் ஓட்டியவன் காரி. உம் கோட்டைக்கெனச் செய்த இவ்வகைத் தேர்கள் நான்கும் உம் மலைக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்து அவன் சொன்னதை, அவன் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்:

“ஐயா, வெறுந்தேருல கயித்தை இழுத்தா குதிரையும் தேரும் சேந்து திரும்பும். இப்போ குதிரை திரும்பிடுது, தேரு நின்னு யோசிக்குது.”

சுற்றி நின்ற தச்சர்கள் சிரித்தனர். நானும் சிரித்தேன். “தேரு யோசிச்சா யோசிக்கட்டும், நீ யோசிக்காம ஓட்டு” என்றேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். ஒரு பாகன் ஓர் அமைச்சனிடம் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

நான் கல்லுடைக்கும் குடியில் பிறந்து, பதினெட்டு வயதுவரை குன்றிலிருந்து கல் சுமந்து இறக்கியவன். முதுகில் கல் ஏறினால் ஏற்றத்தைவிட இறக்கமே ஆளைக் கொல்லும். கால் நின்றாலும் கல் நிற்காது. எழுத்தறியுமுன்பே எனக்கு இது தெரியும். பட்டு போர்த்திய செப்புக் கலத்தைப் பார்த்தபோது, அதுவும் கல்தான் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

உம் தூதர் வந்த மறுநாள், அதே அளவில் செய்து வைத்திருந்த ஐந்தாம் தேரைப் படைத்திடலுக்குக் கொண்டுபோய், சுண்ணாம்புக் கோடு இட்டு நானே ஓட்டினேன். தடைக்கட்டையை அழுத்திய இடத்திலிருந்து வெறுந்தேர் இருபது காலடியில் நின்றது. கலம் ஏறிய தேர் முப்பத்தொரு காலடி சென்றே நின்றது. வளைவில் வெறுந்தேரின் சக்கரம் கோட்டைவிட்டு விலகவில்லை. கலம் ஏறிய தேரின் பின்சக்கரம் இரண்டு முழம் வெளியே வீசியது. கலங்களைப் பின்னச்சுக்கும் பின்னே அடுக்கியிருந்தோம்; ஆதலால் பின்புறம் தாழ, முன்புறம் எழும்பி, நுகம் குதிரைகளின் கழுத்தில் அழுந்தாமல் ஆடியது; முன்சக்கரம் மண்ணில் பட்டும் படாமலும் உருண்டது. அந்நிலையில் எந்தப் பாகன் தேரைத் திருப்புவான்?

உம் வளைவில் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள மண் ஒன்றரை முழம். மீதியைச் சொல்லச் சோதிடர் வேண்டா.

வெளிமானாரைச் சாகவிட்டுப் பாகன் குதித்துப் பிழைத்தான் என்பது உம் தீர்ப்பின் இரண்டாம் குற்றச்சாட்டு. உம் மருத்துவர் எழுதிய ஏட்டையும் தூதர் கொண்டுவந்தார். அதை நான் படித்தேன். காரியின் இடது மணிக்கட்டு, கடிவாளக் கயிறு அறுத்து, எலும்பு தெரியக் கிழிந்துள்ளது என்கிறது அது. நுகத்தாணி முறிந்து தேர் ஒரு பக்கமும் குதிரைகள் ஒரு பக்கமும் போனபோது, கையில் சுற்றிய கயிற்றை அவன் விடாததால் குதிரைகள் அவனைச் சாலையோடு இழுத்துப் போயின. கயிற்றை விட்டுக் குதித்தவனுக்கு அந்தப் புண் வாராது.

இவை யாவற்றையும் வேந்தர் அவையில் சொன்னேன். வெள்ளோட்ட ஏட்டில் யாருடைய இலச்சினை உள்ளது என்று ஒன்றே ஒன்று கேட்டருளினார். என்னுடையது என்றேன். அதன்பின் அவர் அருளிய ஆணையாவது:

பாகன் காரியின் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு செய்யலாகாது. உம் கோட்டையில் நிற்கும் மற்ற மூன்று தேர்களும் கலத்தோடு ஒரு சாணும் இறங்கலாகாது. கலங்களைத் தனியே தோளில் இறக்க நாற்பது சுமையாளர் வருவர். நாற்பத்தொன்றாவது ஆளாக நான் வருவேன். வெறுந்தேர்களைக் கீழே கொணரும் பொறுப்பு, அவன் மனம் ஒப்பினால், காரிக்கே உரியது. அவன் மறுத்தால் அவை மேலேயே நிற்க. இனிச் செய்யும் தேர்களில் கலங்கள் தட்டின் அடியில், இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ அமைக்கப்படும். நான்கு சக்கரங்களுக்கும் தடைக்கட்டை இடப்படும். எடை குறையப் போவதில்லை. அது எங்கே உட்காருகிறது என்பதை மட்டுமே நாம் மாற்றலாம். முழுக் கலமும் ஏற்றி மலையிறக்கத்தில் ஓடாத தேருக்கு வெள்ளோட்ட ஏடு இல்லை. அந்த ஏட்டில் பாகன் கைந்நாட்டு விழுந்தபின்பே அமைச்சன் இலச்சினை.

கலங்கள் இறங்கியபின் நான் ஊர் திரும்பாமல் உம் அவையில் வந்து நிற்பேன். உம் இளவலுக்கு ஈடாக என்னிடம் நீர் எதைக் கேட்பினும் வேந்தர் குறுக்கே வாரார். குறைத்துக் கேளும் என்று நான் எழுதவில்லை.

மதிலை மலையும் மலையை மதிலும் தாங்கி நிற்குமளவும் இவ்வாணை நிற்க. சொன்னவன் எயினன் கொற்றன். எழுத்தாணி பிடித்தவன் ஓலை எழுதுவான் சேந்தன் கீரன். மேலே உள்ளது நெடுமதில் வேந்தரின் மதில் இலச்சினை. இவ்வோலையை மீண்டும் கட்டுமுன் காரியைப் பிணித்த கட்டை அவிழ்க்க.