அடைவைத்த கடை முட்டைகள்

என்னங்க,

குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரைத் துடைக்கும்போது கைதவறி முட்டைகளை உடைத்ததற்கு நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அதை மறைத்து, கடை முட்டைகளை வாங்கி அதே இடத்தில் அடுக்கி வைத்தீர்களே!

முட்டைகளின் மேல் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். போன வாரம் கொடிபோல் ஓடிய ரத்த நரம்பு ஒன்றில்கூட இல்லை. உடைந்தவை குப்பைக்கூடையின் அடியில், செய்தித்தாளுக்குள் சில்லிட்டுக் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்கு வெறும் மயிரிழைக் கீறல்தான். உடனே மெழுகு தடவியிருந்தால் பிழைத்திருக்கும்.

சாப்பிடும்போது, "உள்ள ஏதாச்சும் அசையுதா?" என்று கேட்டீர்கள்.

வேண்டுமென்றே, "அசையுதுங்க" என்றேன்.

"எல்லாம் உன் கைராசிதான்!" என்று சிரித்தீர்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இதே முகத்தோடு இதற்கு முன் என்னிடம் என்னென்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்றும் வழக்கம்போல் அந்தக் கடை முட்டைகளைப் புரட்டி வைத்தவள்