காப்பு கட்டிய வெள்ளிக்கிழமை

22.7.1969, செவ்வாய்

பம்பாயிலிருந்து வந்திருக்கும் சர்வே அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் டைப்பிஸ்ட் ஃப்ளோரன்ஸாகிய நான் இந்த வாரம் அவருக்குத் துபாஷி. எங்கள் கம்பெனியின் கழிவுநீர்க் குழாயை எண்ணூர் ஆற்றில் எங்கே விடலாம் என்று அவர் பார்க்கிறார். ஆற்றங்கரைக் குப்பத்தில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாளாக ஒன்று வேண்டுமாம். கெங்கம்மாவைக் கேட்டேன். ஆற்றில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி.

"அம்மனுக்குக் காப்பு கட்டிக்கீது. ஞாயித்துக்கெயம கூழ் ஊத்தற வரிக்கும் யாரும் தண்ணில கால் வெக்க மாட்டோம். வெள்ளிக்கெயம வா, அல்லாரும் வூட்லதான் கீறோம்."

நல்ல நாள் பிடித்துக் கொடுத்தேன் என்று எனக்கே பெருமை.

25.7.1969

அறுபத்து மூன்று குடும்பம். அதிகாரி நீட்டிய இங்கிலீஷ் காகிதத்தில் வரிசையாகக் கைரேகை வைத்தார்கள். கூட நான் இருந்ததால் அதில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனோம். ஓர் ஆள் இல்லை, ஒரு வலை இல்லை. "இங்கே யாரும் தொழில் செய்வதில்லையா?" என்றார் அதிகாரி. காப்பு, கூழ், அம்மன் - டை கட்டிய மனிதரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சிரிப்பாரே என்று கூச்சம். "இன்றைக்கு யாரும் இல்லை சார்" என்றேன்.

பொய்யில்லையே.

28.7.1969

அதிகாரி எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை டைப் அடித்தேன். 'இந்த ஆற்றை நம்பிப் பிழைப்பவர் எவருமில்லை.' கை நின்றது. பெரிய உத்தியோகஸ்தர், அவருக்குத் தெரியாதா என்று மீதியையும் அடித்து முடித்தேன்.

12.11.1970

குழாய் திறந்தாயிற்று. ஆபீசில் லட்டு.

3.12.1970

கெங்கம்மாவும் பெண்களும் ஆபீஸ் வாசலில். இறால் இல்லை, உடம்பெல்லாம் அரிப்பு. மேனேஜர் அந்த ரிப்போர்ட்டை எடுத்து என்னையே தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கெங்கம்மா சத்தம் போடவில்லை. "சாமிக்குப் பயந்து பத்து நாள் ஒதுங்கினோம். அதுக்கு ஆறே எங்களுக்கு வாணாம்னு எய்திட்டியாம்மா?"

பெரிய வெள்ளியன்று எங்கள் அப்பா ஹார்பர் வேலைக்குப் போகமாட்டார். அன்றைக்கு ஒருவன் வந்து பார்த்து, இந்த ஆளுக்கு வேலையே கிடையாது என்று எழுதினால்? ஏன்டி, இது அன்னிக்கு ஏன் தோணல உனக்கு? தோணுச்சு. வெக்கமா இருந்துச்சு, வாய மூடிக்கின.

4.12.1970

மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன். "சாமி பூதமெல்லாம் ரிப்போர்ட்டில் வராதும்மா. நாடு முன்னேற வேண்டாமா?" அவர் வீட்டில் ராகு காலத்தில் யாரும் வாசல் தாண்டுவதில்லை.

17.6.1971

பெருக்கும் வேலைக்குக் குப்பத்துப் பெண்களை எடுக்கிறார்கள். படிவம் நிரப்புவது நான். ஆறாவதாகக் கெங்கம்மா. முன்பு செய்த தொழில் என்ன என்று கேட்க வேண்டியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒண்ணுமில்லன்னு போடும்மா. வேற எய்தினா உன் ரிப்போர்ட்டுக்கு ஒத்துவராது, வேல குட்க்க மாட்டாங்க."

அப்படியே எழுதினேன்.