அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதே

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன், அப்படி இல்லையென்றால் இல்லை என்றே பதில் எழுது, அம்மாவிடம் பூசி மெழுக வேண்டாம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனிதர் நம் வீட்டு இரண்டு மாடி ஏறுவதற்குள் நின்று நின்று வருகிறார், வந்ததும் இந்தக் கட்டடத்துக்கு ஒரு லிஃப்ட் வைக்க வக்கில்லையா என்று என்னைத் திட்டுகிறார், நான்தான் கட்டடத்தைக் கட்டினேன் பார். இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் நீ டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் தொங்கும். இந்த முறை அப்படித் தொங்கவிட முடியாத விஷயம், அதனால்தான் கடிதம்.

புது மோட்டார் தையல் மிஷின் வாங்கியது உனக்குத் தெரியும். பழையதை மிதித்து மிதித்து என் கால் போனதுதான் மிச்சம், பக்கத்துத் தெரு ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் வேறு வந்துவிட்டது, சரி என்று பெரிய கடைக்குப் போனோம். வாசலிலேயே ஆளுயரத்துக்குப் பலகை, மிஷின் வாங்கினால் விலையில் பத்தில் ஒரு பங்கு கேஷ்பேக் என்று. அதைப் பார்த்துத்தான் மனசு துணிந்தேன், அந்தக் காசு வந்தால் ஒரு மாதம் கரண்ட் பில்லும் கேஸும் கவலையில்லை. விற்ற பெண்ணை நான் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வேன், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள், என்னைவிடப் பத்து வயசு சின்னவள் இருக்கும். நூல் மாட்டுவதிலிருந்து ஜிப் தைப்பது வரை பொறுமையாகக் காட்டினாள். காசு வந்துடுமாம்மா என்று கேட்டேன், கண்டிப்பா வரும்க்கா என்றாள். பில் போட்டுக் கிளம்பும்போது என் பின்னாலேயே கதவு வரைக்கும் வந்து, குரலை இறக்கி, அக்கா அட்டைப் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க என்றாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் தூக்கியா போட்டேன்? நல்ல கெட்டிப் பெட்டியாக இருக்கிறதே என்று, புது மிஷினில் முதல் முதலாகத் தைத்ததை அதில் வைத்துக் கட்டி உனக்கு அனுப்பிவிட்டேன்.

காசு வருகிற வழியைக் காணோமே என்று பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெட்டியில் ஒட்டியிருக்கிற பார்கோடு ஸ்டிக்கரை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தால்தான் கேஷ்பேக், போட்டோ செல்லாது, அசல் வேண்டும் என்றார் மேனேஜர். எங்கே போட்டிருக்கு என்றேன். அந்த ஆளுயரப் பலகையின் அடியில், குனிந்து பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. காசு வாங்கும்போது மட்டும் எழுத்து இவ்வளவு பெருசு, திருப்பித் தரும்போது இவ்வளவு சிறுசா, இது கடையா கண்கட்டு வித்தையா என்று நடுக்கடையில் நின்று கத்தினேன், டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். புகார் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதினேன், விற்றவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று. வீட்டுக்கு வந்து சொன்னால் அப்பா சிரிக்கிறார். கேஷ்பேக்குன்னா காசு நம்ம பின்னாடி வரும்னு நெனச்சியா, நாமதான் காசு பின்னாடி போகணும், பாதிப் பேர் மறந்துடுவாங்க, மீதிப் பேர் அலைஞ்சு ஓய்ஞ்சிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் பலகையே வைக்கிறான் என்றார். இவர் இதை வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஊசி வாங்க அதே கடைக்குப் போனேன், கண்ணாடிக்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீ குடிக்க வெளியே வந்தவளை பஸ் ஸ்டாப்பில் வழிமறித்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லைக்கா என்றாள், அப்புறம் உடைந்துவிட்டாள். என் புகாரைக் காட்டி அவளுக்கு வரவேண்டிய கமிஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், அதில்தான் அவள் வாடகை. ஏம்மா, ஸ்டிக்கர் விஷயத்தை அன்னிக்கே உடைச்சுச் சொல்லியிருக்கலாமே என்றேன். பில் போடறதுக்கு முன்னாடி கண்டிஷன் எதையும் வாயைத் திறந்து சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவுக்கா, சொன்னா வாங்க வந்தவங்க யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்களாம், பில் போட்டப்புறமும் மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு, அதான் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு மட்டும் சொன்னேன், வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலைக்கா என்றாள். அந்தக் கடையில் எனக்கென்று ஒரு வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான், அவள் மேல்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதைவிடக் கொடுமை கேள். உங்க கேஷ்பேக்கை நானே மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தந்துடறேன், பணம் வந்துடுச்சுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்கக்கா என்று பர்ஸைத் திறந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பர்ஸை மூடு முதலில் என்று அதட்டிவிட்டு நேராக உள்ளே போய் புகாரை வாபஸ் வாங்கறேன் என்றேன். கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா, கேஷ்பேக் கைக்கு வந்தாத்தான் புகார் முடியும், அதுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள ஸ்டிக்கர் வரணும் என்கிறார் மேனேஜர். வந்தாலும் அந்தக் கடை வேறு சாக்கு சொல்லாது என்று நான் எதை வைத்து நம்புவது? பலகையை நம்பி ஒரு தரம் போனது போதும். ஆனால் அந்தப் பெண்ணுக்காக இதை விடப் போவதில்லை, ஸ்டிக்கரைக் கொடுத்து, புகார் முடிந்தது என்று எழுதி வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன், அப்பாவும் லீவு போட்டுக் கூட வருகிறார்.

உன் பொண்ணு பெட்டியை என்னிக்கோ குப்பையில போட்டிருப்பா என்று அப்பா புலம்புகிறார். போட்டிருக்க மாட்டாள், பத்திரமாக இருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றே என்று கேட்டார், அவரிடம் காரணம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். தைத்து அனுப்பியது பிடிச்சிருக்கா என்று நான் போனில் கேட்டபோது, போர்வை சூப்பரா இருக்கும்மா, அதைத்தான் போத்திட்டுத் தூங்கறேன் என்றாய். கண்ணு, நான் அனுப்பியது போர்வை இல்லை. அன்றைக்கு எனக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். அப்புறம் நினைத்துப் பார்த்தேன், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் பொழுது முழுக்க ஊரார் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்துவிட்டு வருகிறவளுக்கு ரூமில் இன்னொரு பெட்டியைப் பார்த்தால் எப்படித்தான் இருக்கும்? கண்டிப்பா வரும்க்கா என்று கண்ணாடிக்காரி சொன்னதும் சரி, போர்வை சூப்பர் என்று நீ சொன்னதும் சரி, என்னை ஏமாற்றச் சொன்னதில்லை. அவள் உத்தரவுக்குப் பயந்து சொன்னது, நீ களைத்துப்போய்ச் சொன்னது. உன் மேல் கோபம் இல்லை, இவ்வளவு தூரத்தில் இப்படி ஓய்ந்து போகிறாளே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. எப்படியோ, நீ பிரிக்காமல் வைத்திருந்ததும் அந்தப் பெண்ணுக்கு நல்லதாகத்தான் போயிற்று.

ஸ்டிக்கரை வைத்து அனுப்ப இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன், முகவரி எழுதி ஸ்டாம்பும் ஒட்டியாயிற்று, தபாலில் போட்டால் மட்டும் போதும். லீவு நாளில் அலாரம் வைக்காமல் தூங்கு. வெறும் டீயிலேயே நாளை ஓட்டாதே. எங்கே இருந்தாலும் நீ நிறைவாக, நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இருக்க வேண்டும், எனக்கும் அப்பாவுக்கும் வேறென்ன வேண்டும். மறக்காதே, ஸ்டிக்கர் நான் முகவரி ஒட்டின பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் வெளியிலேயே இருக்கிறது, பெட்டியைத் திறக்காமலேயே வெட்டிவிடலாம், ஆனால் அப்படிச் செய்யாதே. முதலில் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அப்புறம் பிளேடை வை, இல்லாவிட்டால் கையில் வெட்டிவிடும், உன் கையைச் சொல்லவில்லை, அங்கே குளிருகிறது என்றாயே என்று உள்ளே இரட்டைத் துணி வைத்துத் தைத்த கோட்டின் கையைச் சொல்கிறேன்.

உன் பதிலுக்கும் ஸ்டிக்கருக்கும் காத்திருக்கும்
உன் அம்மா