மாமிக்குப் போட்ட தரைச்சூடு

மாமி,

இன்று மத்தியானம் மேலறையில் வேப்பெண்ணெய் மணத்தது. நீங்கள் போனபின் அந்த அறையின் சூட்டை நிறுத்திப் பூட்டியே வைத்திருந்தேன். இந்தக் குளிரில் குழாய் வெடித்துவிடும் என்று உங்கள் மகன் பயந்து, தரைக்கடியில் குழாய் போட்ட அதே ஜெர்மன்காரரை வரவழைத்தார். அவர் காலையில் சூட்டைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், பலகைத் தரை இளஞ்சூடாகி, நீங்கள் முழங்காலில் தேய்த்த எண்ணெயெல்லாம் மரத்துக்குள் இருந்து எழும்பி வந்துவிட்டது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் துடைத்த தரை. செத்தும் விடமாட்டீர்கள் என்று வாய்க்குள் சொன்னேன். என் நாக்கு அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

ஹம்பேர்க்கில் பதினொரு வருடம் நாம் இருவரும் ஒரே குசினிக்குள் இருந்தோம். சன்னலுக்குக் கீழே இருந்த இரும்பு ஹீட்டரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் ஈரச் சேலை அதன் மேல் தொங்கும். நான் சட்டியை இறக்குவதற்கு முன்னமே தீர்ப்பு வந்துவிடும்: "புளி காணாது பிள்ளை." அதையெல்லாம் பொறுத்தேன். மூன்றாம் தரமும் எனக்குக் குழந்தை தங்காமல் போனபோது, "அப்பவே சாதகத்தை வடிவாப் பாத்திருக்கலாம்" என்று மகனிடம் சொன்னீர்கள். பக்கத்து அறையில் நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அன்றோடு உங்களை வெறுத்தேன். இனி அதை மறைத்து எழுதி என்ன.

கூரைக்குக் கீழே பழைய சாமான் கிடந்த இடத்தை அறையாக்கும் யோசனை என்னுடையது. "மாமிக்கு ஒரு தனியறை வேணுமப்பா, பாவம்" என்று உங்கள் மகனிடம் சொன்னேன். ஏணி மாதிரிச் செங்குத்தான படி. உங்கள் முழங்காலோடு நாளுக்கு ஒரு தரம் இறங்கினாலே பெரிய காரியம். அதற்காகத்தான் அந்த அறை. கோவிலில் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள், நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

அந்த ஜெர்மன்காரர் அறையை அளக்க வந்த அன்று நீங்களும் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தீர்கள். தரைக்கடியில் குழாய் ஓடவிட்டால் அறை பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் சூடேற நேரமெடுக்கும். சுவரில் ஹீட்டர் வைத்தால் சூடு உடனே வரும், வயதானவருக்கு அதுதான் சுகம் என்றார். பிறகு உங்களைக் காட்டி, அம்மாவுக்கு எது விருப்பம் என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஜெர்மன் மொழியில் என்னை விட்டால் உங்களுக்கு வாய் இல்லை.

"சுவரிலை ஒண்டு வைக்கச் சொல்லும் பிள்ளை. முதுகு சாய்க்க வேணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

நான் அவரிடம், தரைச்சூடுதான் வேண்டுமாம், எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் நடப்போம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு எழுதினார்.

"என்னவாம்?"

"சுவர் சரிவு மாமி. அங்கை வைக்க ஏலாதாம்."

பதினொரு வருடத்தில் முதல் தரமாக நான் சொன்னதை நீங்கள் மறுத்துப் பேசவில்லை. அன்று முழுக்க எனக்கு நல்ல சந்தோசம்.

சாய ஒன்றும் இல்லாத அறையில் நீங்கள் கட்டிலை விட்டு, பாயை விரித்துத் தரையிலேயே படுக்கத் தொடங்கினீர்கள். "உம்மட நிலம் நல்ல சூடு பிள்ளை, முதுகுக்கு ஒத்தணம் குடுத்த மாதிரி" என்று ஒருநாள் சொன்னீர்கள். நீங்கள் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தரம்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை, ஒன்பது மணிக்குத் தேத்தண்ணியோடு வந்தேன். முகத்தை மூடிப் படுத்திருந்தீர்கள். கூப்பிட்டேன், அசையவில்லை. முதல்நாள் புட்டுக்குக் குறை சொன்னதற்கு நான் கத்தியிருந்தேன். அந்தக் கோபம் என்று நினைத்தேன். குனிந்து போர்வைக்குள் கைவிட்டுக் குதிக்காலைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"நடிக்காதேங்கோ மாமி. ஆறினால் இன்னொருக்கால் போட்டுத் தரமாட்டன்."

மத்தியானம் சோற்றோடு வந்தபோது தேத்தண்ணி அப்படியே இருந்தது. அப்போதுதான் போர்வையை விலக்கினேன். விடியவே உயிர் போயிருக்கிறது என்றார் வந்த மருத்துவர். காலில் இருந்தது தரையின் சூடு. நான் ஏசியது பிணத்தை. காலையில் நான் மேலே வரவே இல்லை என்றுதான் உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இன்று அந்த மனிதர் வேலைச் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அம்மா எப்படி இருக்கிறார்? தரை பிடித்துக்கொண்டதா?" என்று கேட்டார். "நல்ல சூடு, முதுகுக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி என்று சொன்னார்" என்றேன். உங்கள் பேச்சை நான் அவரிடம் மாற்றாமல் சொன்னது இதுதான் முதல் தரம். கேட்க நீங்கள் இல்லை.

ஞாயிறு மத்தியானங்களில் உங்கள் மகன் சோபாவில் கண்ணயர்ந்தால், நான் போய் அவர் காலைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாகத்தான் இருக்கும். அது போதாமல் மூக்கடியில் கையை வைத்து, மூச்சு படும்வரை நிற்கிறேன்.