கால் எட்டாத வண்டி

ஓடைக்கல் தோட்டம், மேல் டிவிசன்,
தலவாக்கலை.
ஞாயிற்றுக்கிழமை, ஆடி மாதம், 1961

அன்புள்ள மச்சானுக்கு அம்மாக்கண்ணு எழுதுவது,

இங்கே அத்தை சுகம். பிள்ளை சுகம். எனக்குத்தான் நேற்றிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது. காய்ச்சல் இல்லை, பயப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததால் வந்த எரிச்சல்.

யூனியனில் உங்களை மாவட்டப் பிரதிநிதியாகப் போட்டிருக்கிறார்கள், கொழும்பில் பயிற்சி முடிந்ததும் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதற்கு ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கித் தருகிறார்கள் என்று நீங்கள் போன மாதம் எழுதியபோது நான் லயத்தில் வீடு வீடாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். என்ன வண்டி என்பதும் நீங்கள் இங்கிருந்து போகும்போதே முடிவாகிவிட்டது. தலவாக்கலை மைதானத்தில் அன்ஸார் நானா உங்களுக்கு ஓட்டப் பழக்கினாரே, டேங்கில் சேவல் படம் போட்ட அந்தச் சின்ன வண்டி, அதே மாதிரி ஒன்று. பழகும்போது விழுந்தீர்கள். சிரித்துக்கொண்டே எழுந்தீர்கள், வண்டியையும் ஒரு கையால் நிமிர்த்தினீர்கள். இதுதான் நமக்குச் சரி என்று நீங்களே சொன்னீர்கள்.

இப்போது என்ன எழுதியிருக்கிறீர்கள்? சீமைக்குக் கப்பல் ஏறிய ஏதோ ஒரு துரை விட்டுப்போன பெரிய வண்டி கொழும்பில் ஒரு கராஜில் நிற்கிறதாம். கன்னங்கரேல் என்று மினுங்குகிறதாம். ஸ்டார்ட் பண்ணினால் எட்டு மலைக்கும் சத்தம் கேட்குமாம். அதையே சொல்லி வைத்துவிட்டீர்களாம். சேவல் வண்டியில் வந்து இறங்கினால் ஆட்கள் மதிக்க மாட்டார்களாம். மச்சான், ஆட்கள் உங்களைத் தோட்டத் தலைவராக்கி ஓட்டுப் போட்டது நீங்கள் செருப்பில்லாமல் நடந்து திரிந்த காலத்தில். அப்போது எந்த வண்டியைப் பார்த்து மதித்தார்கள்?

படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடத்தான் போனேன். அத்தைதான் பிடுங்கி வைத்துக்கொண்டார். உங்கள் அம்மாவுக்கு மகன் எழுதிய காகிதம் என்றால் சாமி படம் மாதிரி.

இன்று காலையில் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நேரே தலவாக்கலைக்குப் போனேன். அன்ஸார் நானாவின் சைக்கிள் கடையில் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் தலையில் கை வைத்தார். அங்கே ரோட்டு வேலை எடுத்திருக்கிற ஒரு கொந்தராத்துக்காரருடைய பெரிய வண்டி ரிப்பேருக்கு வந்து நிற்கிறது. மச்சான் எழுதியிருக்கிற வண்டியும் இதே சாதிதானா என்று கேட்டேன். அது இதைவிடவும் கனம் என்றார். அப்படியானால் இதில் நான் ஏறிப் பார்க்கிறேன் என்றேன். “என்ன தங்கச்சி, வெளையாடுறீங்களா? பசார் பூரா பாத்துக்கிட்டு இருக்கு” என்று பதறினார். பார்க்கட்டும் என்றேன். அவருடைய பெண்சாதி றம்ஸியா அக்கா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்து, “நீங்க ஏறுங்க, நான் புடிச்சுக்கிறேன்” என்று மறுபக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் ஏன் ஏறினேன் என்று கேட்பீர்கள். நீங்களும் நானும் ஒரே உயரம். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது ராக்காயி அக்கா அதைச் சொல்லிச் சிரித்தது மறந்துவிட்டதா? என் கால் எட்டாத இடத்தில் உங்கள் காலும் எட்டாது. துரைமார் எல்லாம் கொக்கு மாதிரி நெடுநெடு என்று வளர்ந்தவர்கள். அவர்களுடைய காலுக்கு அளவெடுத்துச் செய்த வண்டியை நீங்கள் வாங்கினால் கால் வளருமா?

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். பெருவிரல் நுனிதான் தரையில் பட்டது. கடை வாசல் கொஞ்சம் சரிவு, உங்களுக்குத் தெரியும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான், என்னால் நிறுத்த முடியவில்லை. அன்ஸார் நானாவும் எதிர்க்கடை மீராசாஹிப் முதலாளியும் ஓடி வந்து தாங்காவிட்டால் நானும் அக்காவும் அடியில் கிடந்திருப்போம். அதோடு விட்டேனா? ஸ்டார்ட் பண்ணியும் பார்க்கிறேன் என்று மிதித்தேன். அது திருப்பி என் காலை உதைத்தது. கணுக்கால் வீங்கிப்போய் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பசாரில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களை விட்டுவிட்டேன். கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

பிறகு கடையில் நின்ற அன்ஸார் நானாவின் சேவல் வண்டியில் ஏறினேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. அதே சரிவில் நிறுத்தினேன், நின்றது. வேண்டுமென்றே கீழே சாய்த்துவிட்டு, யாரையும் தொடவிடாமல் நானே தூக்கி நிமிர்த்தினேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் நிமிர்ந்தது. நம் லயத்து வாசல் இஸ்தோப்பில் விறகுக்குப் பக்கத்தில் அதை ஏற்றி வைக்கலாம், கையாலேயே திருப்பலாம். உங்கள் துரை வண்டியை எங்கே வைப்பீர்கள்? பங்களாவிலா?

நம் ரோட்டைக் கொழும்பில் இருந்துகொண்டு மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இப்போது தினமும் மழை. மத்தியானத்துக்கு மேல் பனி மூடினால் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள் தெரிவதில்லை. தேயிலை ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் செம்மண் சறுக்குகிறது, கொழுந்து லொறியே பின்னால் வழுக்கி வருகிறது. நேற்றுப் பழகிய கை அந்த வளைவில் அந்த இரும்பை எப்படித் தாங்கும்? ஒரு தரம் சாய்ந்தால் உங்களால் அதைத் தூக்க முடியாது. தூக்க ஆள் வரும்வரை அதன் அடியிலேதான் கிடக்க வேண்டும்.

அழகன் அண்ணன் அப்படித்தானே கிடந்தார்? உங்களுக்கு முன்னால் பிரதிநிதியாக இருந்த மனிதர். அவரும் ஆசைப்பட்டுப் பெரிய வண்டிதான் வாங்கினார். கொட்டகலைப் பக்கம் வளைவில் வண்டியோடு ரோட்டோரக் கானுக்குள் விழுந்து, மழைத் தண்ணீர் முகத்தில் ஓட ஓட, கொழுந்துக்குப் போன பெண்கள் கண்டுபிடிக்கும்வரை கிடந்தார். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுக்கு நீங்களும் நானும் சேர்ந்துதானே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்? அவருடைய பெண்சாதி நம்மை வழியனுப்பும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. அது எதற்கு என் கையைப் பிடித்தது என்று நீங்கள் யோசிக்கவே இல்லையா?

இன்னும் ஒன்று சொல்கிறேன். கோபப்பட்டால் படுங்கள், நான் அதைவிட அதிகக் கோபத்தில் இருக்கிறேன். நீங்கள் ஏன் பெரிய வண்டி கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தை மாதம் கம்பவுண்டரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, குடை பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனீர்களே, அன்று நான் ரோட்டுக்கு மேலே எட்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்றேன். துரையின் கார் வந்தது. நீங்கள் சைக்கிளை விட்டு இறங்கினீர்கள். சைக்கிளைக் கானுக்குள் இறக்கி, குடையையும் மடக்கி, அந்த மழையில் தலையைக் குனிந்து நின்றீர்கள். கார் சேற்றை அடித்துவிட்டுப் போனது. மலையில் நின்ற பெண்கள் யாரும் பார்க்காத மாதிரி கொழுந்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் வந்து, குடை காற்றில் மடங்கிவிட்டது, அதனால் நனைந்துவிட்டேன் என்றீர்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன். வேட்டியில் சேற்றைக் கசக்கும்போது அழுதேன், அது உங்களுக்குத் தெரியாது.

அவ்வளவு பெரிய வண்டியில், அதுவும் ஒரு துரை ஓட்டிய வண்டியில் வந்தால் இறங்கு என்று எவனும் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறீர்கள். அதற்காகக் காலைக் கொடுக்கப்போகிறீர்களா? சின்ன வண்டி என்றால் கார் வந்ததும் லேசாக ஓரம் கட்டலாம், இறங்கி நின்றுவிட்டுப் போகலாம். நம் ஆட்கள் காலம் காலமாகச் செய்வதுதானே, அதனால் என்ன குறைந்துவிடும்? உயிரும் காலும் முழுசாக வீட்டுக்கு வந்தால் போதும்.

கை வலிக்கிறது. பிள்ளையும் எழுந்துவிட்டது. மிச்சத்தை நாளைக்கு எழுதித் தபாலில் சேர்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்று எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுக்க நின்றோம். பெரிய கங்காணி வந்தான். வந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இத்தனை பெண்களுக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான். “இந்தா அம்மாக்கண்ணு, ஒம் புருசன் மோட்டார் சைக்கிள்ல வரப்போறாராமே. ஓட்டட்டும், தொரைக்கு ஆட்சேபன இல்லியாம். ஆனா தோட்டத்து ரோட்டுல தொர காரு வந்தா எறங்கி ஓரமா நிக்கணும். பிரதிநிதியா இருந்தாலும் அதுதான் வழக்கம்னு தொர சொல்லச் சொன்னாரு. எழுதிப் போட்டுரு” என்றான்.

நீங்கள் இன்னும் வண்டியே வாங்கவில்லை. அதற்குள் எப்படி இறங்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. கொழும்பில் உங்களைப் பெரிய மேசைக்கு முன்னால் உட்கார வைத்துச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள், இங்கே உங்கள் பெண்சாதியைக் கொழுந்துக் கூடையோடு நிறுத்தி வைத்து வழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள். என் தலையில் அப்போது கூடைக் கயிறு இருந்தது. நிமிரக்கூட முடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் தானாகப் பேசியது. “அது ரொம்பச் சின்ன வண்டி கங்காணி. எறங்கி நிக்கிற அளவுக்கு அதுல ஒசரமே இல்ல. ஒக்காந்தாலும் ஒண்ணுதான், எறங்கினாலும் ஒண்ணுதான். அதனால இருந்தபடியேதான் இருப்பாரு” என்றேன்.

மடுவமே சிரித்தது. ராக்காயி அக்கா சிரித்த சிரிப்பில் தராசுக்காரனுக்கு நிறுவை தப்பிப்போனது. கங்காணியின் முகம் கறுத்துவிட்டது. என் கொழுந்தில் தண்ணீர் அதிகம் என்று சொல்லி, நிறுவையில் மற்றவர்களுக்குக் கழித்ததைவிடக் கூடுதலாகக் கழித்துவிட்டான். கழித்துக்கொண்டு போகட்டும். நான் சொன்னது சொன்னதுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தேன். ஆத்திரத்தில் சொன்னதாக இருந்தாலும் அது சரியான பேச்சு, மச்சான். அன்ஸார் நானாவின் கடைச் சரிவை நினைத்துப் பாருங்கள். ஸ்டோருக்கு மேலே உள்ள ஏற்றத்தில் துரையின் கார் எதிரே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் இரண்டுக்கும் இடமில்லை, நீங்கள் ஓரத்தில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பெரிய வண்டி என்றால் பெருவிரல் நுனியில் நின்று எவ்வளவு நேரம் அதைத் தாங்குவீர்கள்? ஒன்று சாய்ந்து விழுவீர்கள், இல்லையென்றால் விழாமலிருக்க நீங்களே இறங்கிவிடுவீர்கள். துரை வாயைத் திறக்கவே வேண்டாம், அந்த வண்டியே உங்களை இறக்கி அவர் முன்னால் நிறுத்தும். சேவல் வண்டி அப்படி இல்லை. நிறுத்தலாம், இரண்டு பாதத்தையும் ஊன்றலாம், ஊன்றியபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

மேலே ஞாயிற்றுக்கிழமை எழுதியதில், இறங்கி நின்றால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டேன். அடித்ததற்கு மேலேயும் எப்படியாவது படித்துவிடுவீர்கள் என்று தெரியும். அந்த வரி வேண்டாம்.

அதனால் இதை ஒரு வேண்டுகோள் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, சண்டை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. நாளைக்கே அந்தக் கராஜுக்குப் போய் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்கமாக இருந்தால் என் பெண்சாதி பேய் என்று சொல்லுங்கள், பொய்யாகாது. சின்ன வண்டியையே வாங்குங்கள். நான் மடுவத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன பேச்சு, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். இங்கே வரும்போது ரயிலில் ஏற்றி வாருங்கள், மழையில் கொழும்பிலிருந்து ஓட்டி வந்து வீரம் காட்ட வேண்டாம். அன்ஸார் நானா ஸ்டேசனுக்கு வருகிறேன் என்றிருக்கிறார்.

நான் பேசியதற்காக, நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராவைப் பறிப்பார்கள் என்று அத்தை பயப்படுகிறார். அது என் பேரில் உள்ள காம்பரா. பறிக்க வந்தால் அவர்களோடு நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் அதைப் பற்றி யோசித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

கோபத்தில், சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டேன். சாப்பிடுங்கள். நீங்கள் எந்த வளைவிலும் விழாமல், எந்தக் காருக்கும் இறங்காமல் வீடு வந்து சேர மாரியாத்தாள் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி
அம்மாக்கண்ணு