நீ வாக்குக் கொடுத்துவிட்டுப் போன கார்

என்னை இப்படி வசமாக மாட்டிவிட்டுப் போன என் அன்பு அண்ணாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் கார் இன்னும் போகவில்லை. நம் லாட்ஜுக்குப் பின்னால், அதே தகரக் கொட்டகையில், அதே திமிரோடு நின்றுகொண்டிருக்கிறது. இன்று காலையும் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு, புகையில் நன்றாக இருமிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை இந்தச் சேவையைச் செய்யாவிட்டால் அதற்குக் கோபம் வந்துவிடும். பிறகு சேலத்திலிருந்து மெக்கானிக் ஏறி வரவேண்டும், வந்து தலையைச் சொறிய வேண்டும்.

உனக்கு எதற்கு ஜெர்மன் கார்? எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போன ஒரு முதலாளியிடமிருந்து அதை வாங்கி வந்தபோதே கேட்டேன். "அம்மிணி, அதுல ஒருக்கா உக்காந்து பாரு" என்று மட்டும் சொன்னாய். ஜீப்புக்கே மூச்சு வாங்கும் இந்த மலையில் அத்தனை நீளமான கார்! ஒண்டிக்கடை முக்கில் அதைத் திருப்புவதற்குள் நாலு கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து கை காட்டுகிறார்கள். உன் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், இன்றுவரை அதில் ஏறுவதில்லை. தன் மொபெட்டே போதும் என்கிறார்.

காரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால் என்றைக்கோ கையைக் கழுவியிருப்பேன். நீ வாக்கையும் அல்லவா விட்டுப் போனாய்? நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனாலோ என்னவோ ஊரில் பிறந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் நீயே மாமன் ஆனாய். வெள்ளக்கடைக் கிராமத்தில் ஒரு பெண் பிறந்தால் போதும், பார்க்கப் போவாய். தொட்டிலுக்குள் தலையை விட்டு, "உன் கல்யாணத்துக்கு மாமன் கார்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு வருவாய். மிட்டாய் கொடுப்பதுபோல் வாக்குக் கொடுத்தாய். அந்தத் தொட்டில் பிள்ளைகள் வளர்ந்து ஒவ்வொருத்தியாகக் கல்யாணத்துக்கு நிற்கும்போது நீ இல்லை, நான் இருக்கிறேன்.

ஓசூரில் இருக்கும் உன் மருமகள், அதான் என் மகள், போன் செய்யும்போதெல்லாம் சண்டைதான். லாட்ஜைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் நீயும் வந்துவிடுங்கள் என்கிறாள். மலைக்குளிர் அவருடைய முட்டிக்கு ஆகவில்லை என்று அவளுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் ஒருவர் இரண்டு தடவை வந்து பார்த்து, நல்ல விலை சொல்லிவிட்டுப் போனார். காரைக் கொடுத்தால் நான் கிளம்பிவிடலாம். ஆனால் எப்படிக் கொடுப்பேன்? இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? கடைசியாக நீ வாக்குக் கொடுத்தவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை நான் இந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா, சொல்.

போன மாதம் சரசு வந்தாள். உனக்குத் தெரியும், எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிறாளே, வெள்ளக்கடை சரசு. அவள் மகள் கௌசல்யாவுக்கு மஞ்சக்குட்டையில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. வந்தவள் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுக் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பியைக் குடித்தாள், கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணன் சொன்ன வாக்கு இருக்குதில்ல சரசு, காரை நானே எடுத்துட்டு வாரேன்" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "நொம்ப சந்தோசமுங்க அக்கா" என்றாள். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கார் என்னைப் படுத்திய பாட்டை நீ மேலேயிருந்து பார்த்துச் சிரித்திருப்பாய். உள்ளே ஓடும் வயர்களெல்லாம் அப்பளம்போல் நொறுங்குகின்றன. ஒரு சின்ன ரப்பர் குழாய்க்கு மெக்கானிக் பெங்களூர்வரை ஆள் அனுப்பினார். டிரைவர் பக்கத்துக் கதவின் உள் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது, அதற்கு மாற்று கிடைக்கவே இல்லை. நான் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் கதவைத் திறந்து இறங்குகிறேன்.

முகூர்த்தத்தன்று காலை பெண்ணை ஏற்றிக்கொண்டேன். கூட வரவேண்டிய அவள் அக்கா கடைசி நேரத்தில் ஓடிப்போய் சரசுவோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். சீர்த்தட்டுகளைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். கௌசல்யா மட்டும் பட்டுப்புடவையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். திருஷ்டிக்கு என்று நினைத்தேன். மேட்டில் ஏறும்போது இன்ஜின் சூடாகிவிட்டது. அப்படி ஆனால் உள்ளே ஹீட்டரைப் போட்டுவிட வேண்டும், சூடு இந்தப் பக்கம் இறங்கிவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாயே, போட்டேன். இன்ஜின் பிழைத்தது. கல்யாணப் பெண் வேர்த்து விறுவிறுத்துவிட்டாள்.

மஞ்சக்குட்டையில் கோயில் பந்தலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். நாதஸ்வரக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன, உள்ளிருந்து எதுவும் திறக்கவில்லை. கண்ணாடியை இறக்கப் பார்த்தேன், அசையவில்லை. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, கார் மொத்தமாகச் செத்துவிட்டது. வெளியே ஆரத்தித் தட்டோடு பெண்கள், மாப்பிள்ளை வீட்டார், ஊரே நிற்கிறது. உள்ளே நானும் அவளும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகூர்த்தம் தப்பிவிட்டால் சரசு முகத்தில் எப்படி முழிப்பேன்?

பின்னால் திரும்பிப் பார்த்தேன். கௌசல்யா கண்ணை மூடிக்கொண்டு அந்த எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி, பயமா இருக்குதா?" என்றேன்.

"பயமில்லீங்க பெரியம்மா, கொமட்டுது. இந்தக் கார் வாசம் எனக்குச் சின்னதுல இருந்தே ஆகாதுங்க."

முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். சொன்னாள், அண்ணா. மாப்பிள்ளை வீட்டில் வேன் பேசியிருந்தார்களாம். அதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று தெரியாமல்தான் சரசு அன்றைக்கு அத்தனை நேரம் என் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். போன வருஷம் கல்யாணமான பெண்ணும் அதற்கு முந்தையவளும் இப்படித்தான் ஏறி வந்தார்களாம்.

"மாமன் நெனப்புல பாடுபட்டு நீங்க வச்சிருக்கறீங்க. வேண்டாமுன்னு சொன்னா உங்க மனசு நோவுமுன்னு எல்லாரும் ஏறிக்கறதுங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்று தெரியவில்லை. அவர்களுக்காக நான் இந்தச் சனியனைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன், எனக்காக அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுகிறார்கள். மரியாதை பார்த்துப் பார்த்து ஒரு ஊரே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வெளியே இருந்தவர்கள் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பானெட்டைத் திறந்துவிடும்படி ஜீப் டிரைவர் ஜாடை காட்டினார். கீழே குனிந்து இழுத்தேன். பேட்டரியில் ஒரு வயர் கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். அவர் அதை முறுக்கியதும் கதவுகள் திறந்துகொண்டன. கௌசல்யா குதிக்காத குறையாக இறங்கி ஓடினாள். நல்ல நேரத்துக்குள் தாலி ஏறிவிட்டது, கவலைப்படாதே.

ஆனால் நான் இறங்கவில்லை. யாரோ வெளியிலிருந்து என் கதவையும் திறந்துவிட்டு, வாங்க அக்கா என்று கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். இனி யாருக்கும் இந்தக் கார் தேவையில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது, ஓசூருக்கு மூட்டை கட்டலாம். இத்தனை காலம் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? பிறகு ஏன் எனக்கு அப்படி அழுகை வந்தது?

மறுநாளே அந்த மனுஷர் தானாகவே போன் செய்தார். கார் ஓடுகிற நிலையில் இல்லை, சரி செய்துவிட்டுச் சொல்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உன் மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார்.

"வாக்குத்தான் தீந்துபோச்சே, இன்னும் என்ன?" என்றார்.

நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி டம்ளர்களை எடுத்தேன்.

"உங்க அண்ணன் உன்னைப் புடிச்சு வச்சிருக்கறாருன்னு ஊருக்கே சொல்லீட்டிருந்தே. நீதான் அவரை உடமாட்டேங்கறே. எனக்கு இது எப்பவோ தெரியும்" என்றார். சொல்லிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, அண்ணா. என்னோடு சேர்ந்து இவரும் இந்தக் கொட்டகையில்தான் அடைபட்டுக் கிடந்திருக்கிறார். ஒரு நாள்கூடக் குறை சொல்லவில்லை. அவரும் என் மனசு நோகும் என்று பார்த்தார் போலிருக்கிறது.

நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை. கார் கொட்டகையில்தான் இருக்கிறது, நானும் இங்கேதான் இருக்கிறேன். நாளைக்கு விற்றாலும் விற்பேன், விற்காமல் இன்னொரு குளிர்காலத்தையும் ஓட்டினாலும் ஓட்டுவேன். ஒன்றை மட்டும் உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன். உன் மருமகள் கேட்டாலும் சரி, அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கேட்டாலும் சரி, என் அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டான் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். நீ இல்லாமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை என்று சொல்வேன். அதை முதலில் உன் மாப்பிள்ளையிடம் சொல்லப்போகிறேன். இன்றைக்கே.

உன்மேல் பழியைப் போட்டே இத்தனை நாளை ஓட்டிய
உன் தங்கச்சி,
பரமேஸ்வரி